வன்னி மண்ணில் கிடக்கும் கோதுகள்: எந்தத் துவக்கு, எந்தக் காலம், யார் கை?

அம்பகாமத்தான் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மாங்குளத்துக்கு அப்பால் உள்ள எங்கள் ஊரின் வரலாற்றை 1970களிலிருந்து 2009 வரை தொகுத்து எழுதும் வேலையில் வாசிகசாலை உறுப்பினர்கள் சிலர் இறங்கியிருக்கிறோம். மூத்தவர்களைக் கேட்டுப் பதியும்போது ஏறக்குறைய ஒவ்வொரு சம்பவத்திலும் ஒரு துவக்கின் பெயர் வந்துவிடுகிறது. ஒருவர் திரீ நொட் திரீ (.303) என்கிறார், இன்னொருவர் எஸ்.எல்.ஆர். என்கிறார், பலர் எல்லாவற்றையும் ஏகே என்ற ஒரே பெயரால் சொல்லிவிடுகிறார்கள்.

எங்கள் முதல் வரைவில் "வளவில் ரி-56 துப்பாக்கியின் வெற்றுக் கோதுகள் கிடந்தன, ஆகவே சுட்டது இராணுவமே" என்ற வசனம் இடம்பெற்றிருக்கிறது. (கோது என்பது சுட்டபின் வெளியே விழும் ரவையின் வெற்று உலோகக் கூடு, ரி-56 என்பது சீனா செய்த ஏகே வகைத் துப்பாக்கி.) இந்த "ஆகவே" நிற்குமா என்பதில் எங்களுக்குள் இணக்கம் ஏற்படவில்லை. இலங்கை இராணுவமும் பொலிசாரும் எந்தக் காலத்தில் எந்தச் சிறு ஆயுதங்களை வைத்திருந்தார்கள், கிடந்த கோதை வைத்துச் சுட்டவர் யாரென்று சொல்ல முடியுமா என்பதை விடயம் தெரிந்தவர்கள் விளக்கினால் பேருதவியாக இருக்கும்.

துணுக்காய் ஓய்வுநிலை ஆசிரியர் எழுதியது:

தம்பி, காலவரிசையை நான் தொடங்கி வைக்கிறேன். இலங்கை இராணுவம் 1949 ஒக்டோபரில் அமைக்கப்பட்டபோது அதன் கையிலிருந்தவை இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியர் பயன்படுத்திய ஆயுதங்களே. கையால் பூட்டை இழுத்துச் சுடும் .303 லீ என்பீல்ட், அதே ரவையைச் சுடும் பிரென் இலகு இயந்திரத் துப்பாக்கி, ஸ்டென் ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. பின்னர் தானாக அடுத்த ரவையை ஏற்றிக்கொள்ளும், இருபது ரவை மகசின் கொண்ட எஸ்.எல்.ஆர். ரகமும் ஸ்டேர்லிங் உப இயந்திரத் துப்பாக்கியும் வந்து சேர்ந்தன. பொலிசாரிடம் .303, சொட்கன், ரிவோல்வர் என்பவை 1980களிலும் புழக்கத்தில் இருந்தன. எங்கள் இளமையில் துணுக்காய், மல்லாவிப் பக்கம் துவக்கு என்றால் பெரும்பாலும் வேட்டைக்காரரின் இடியன் துவக்கும், அனுமதிப்பத்திரம் பெற்ற சொட்கனும், பன்றிக்காகக் காட்டில் பொருத்திவைக்கும் கட்டுத்துவக்குமே.

1971 ஏப்ரல் ஜே.வி.பி. கிளர்ச்சியின்போது அரசின் ஆயுதக் களஞ்சியம் எவ்வளவு மெலிந்தது என்பது வெளிப்பட்டது. அதன் பின்னர் பல நாடுகளிலிருந்தும் ஆயுதங்கள் வந்தன, அவற்றுள் சீனா வழங்கிய ரி-56 துப்பாக்கியும் ஒன்று. சோவியத் ஏகே-47 துப்பாக்கியைப் பார்த்துச் சீனா 1956 முதல் செய்த வகை அது. முப்பது ரவை கொள்ளும் வளைந்த மகசினும் 7.62 மில்லிமீற்றர் குறுக்களவும் 39 மில்லிமீற்றர் நீளமான கோதும் உடையது. 1983இன் பின் இராணுவம் வேகமாகப் பெருகத் தொடங்கியபோது ஜேர்மனிய வடிவான ஜி-3, பெல்ஜிய எஃப்.என்.சி., அமெரிக்க எம்-16 எனப் பலவற்றை வாங்கினார்கள். எம்-16 துப்பாக்கியை விசேட அதிரடிப்படையினரிடம் அதிகமாகக் காணலாம். எனினும் காலாட்படையின் பொது ஆயுதமாக நிலைத்தது ரி-56தான், இன்றும் அதுவே.

ஏன் அது நிலைத்தது என்று கேட்டால் விலை மட்டும் காரணமென்று நான் நினைக்கவில்லை. சில மாதப் பயிற்சியோடு கிராமத்து இளைஞர்களை ஆயிரக்கணக்கில் படையில் சேர்க்கும் நிலையில், சேற்றிலும் செம்மண் புழுதியிலும் கிடந்தாலும் இயங்குகின்ற, கழற்றித் துடைத்துப் பூட்டுவதற்கு எளிதான ஒரு துவக்கு தேவைப்பட்டது. பின்னர் ஊர்காவல் படையினருக்கும் பொலிசாருக்கும் அதுவே கொடுக்கப்பட்டது. நாடு முழுவதும் ஒரே ரவை என்ற நிலை அப்படித்தான் உருவானது.

குமுழமுனை எழுதியது:

ஐயா கூறிய வரிசை சரியானது. நான் கண்ணிவெடி அகற்றும் பணியில் முகமாலையிலும் முல்லைத்தீவின் சில பகுதிகளிலும் வேலை செய்தவன். மண்ணைச் சுரண்டிச் சுரண்டி முன்னேறும் எங்களுக்குக் கருவி ஒலியெழுப்பும் ஒவ்வொரு இரும்புத் துண்டும் ஒரு வேலைதான். அதனால் கோதுகளைப் பார்த்துப் பழகிவிட்டோம்.

முதலில் பார்க்கவேண்டியது கோதின் அடிப்பகுதி. அடித்தட்டு கோதின் உடலைவிட அகன்று விளிம்பாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதா, அல்லது உடலோடு ஒரே அகலத்தில் நின்று அதற்கு மேல் ஒரு பள்ளம் சுற்றி ஓடுகிறதா என்று பாருங்கள். எஸ்.எல்.ஆர்., ஜி-3, ரி-56, எம்-16 ஆகிய அனைத்தின் கோதுகளும் பள்ளம் உள்ளவை. விளிம்பு நீட்டியிருந்தால் பலரும் உடனே ".303, பழைய காலம்" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அது போதாது. சோவியத் பி.கே. வகை இயந்திரத் துப்பாக்கிக்கும் அதன் சீன வடிவமான ரைப் 80 இயந்திரத் துப்பாக்கிக்கும், டிரகுனோவ் குறிசூட்டுத் துப்பாக்கிக்கும் உரிய 54 மில்லிமீற்றர் கோதும் விளிம்புடையதே. .303 கோது 56 மில்லிமீற்றர் நீளமானது, அதன் தோள் மெதுவாகச் சரிந்து கழுத்தோடு சேரும். மற்றதன் உடல் சற்றுப் பருத்து, தோள் சட்டென்று ஒடுங்கும். இரண்டையும் அருகருகே வைத்தால் ஐயமே வராது. தனியாகக் கண்டால் தடுமாறலாம். அந்தத் தடுமாற்றத்தின் விலை ஏறக்குறைய இருபது வருடங்கள், ஏனெனில் ஒன்று எழுபதுகளையும் எண்பதுகளின் தொடக்கத்தையும் காட்டும், மற்றது பிற்காலச் சமர்களைக் காட்டும்.

அடுத்தது உலோகம். சீன ரி-56 ரவைகளின் கோது பெரும்பாலும் உருக்கினால் ஆனது, மேலே செம்புப் பூச்சோ அரக்குப் பூச்சோ இருக்கும். வன்னியின் ஈரத்தில் சில மழைக்குள்ளேயே பூச்சு கழன்று துருவேறிவிடும், காந்தம் பிடித்துக்கொள்ளும். எஸ்.எல்.ஆர். கோது பித்தளை. பச்சை படிந்திருக்கும், துருப்பிடிக்காது, காந்தத்தில் ஒட்டாது. ஜி-3 துப்பாக்கியால் சுட்ட கோதை இன்னும் எளிதாக இனங்காணலாம். ரவை தங்கும் அதன் அறைக்குள் நீளவாக்கில் நுண்ணிய வாய்க்கால்கள் வெட்டப்பட்டிருப்பதால் சுட்ட கோதின் மேற்பகுதியில் கரிய கோடுகள் வரிவரியாகப் பதிந்திருக்கும். அதே ரவையை எஸ்.எல்.ஆர். சுட்டால் அந்தக் கோடுகள் விழாது. மண்ணில் புதைந்து பல வருடங்கள் கழித்தும் கழுவிப் பார்த்தால் அவை தெரிவதுண்டு.

அடித்தட்டில் பொறித்த எழுத்தும் உதவும். சீனக் கோதுகளில் வழக்கமாக மேலே தொழிற்சாலை எண்ணும் கீழே ஆண்டின் இரண்டு இலக்கங்களும் இருக்கும். ஆனால் அது ரவை செய்யப்பட்ட ஆண்டு, சுடப்பட்ட ஆண்டு அன்று. களஞ்சியத்தில் பல வருடம் கிடந்த ரவையும் சுடும். 71 என்று பொறித்த கோது 2008இல் விழுந்திருக்கலாம். 2008இல் செய்த கோது 1998இல் விழுந்திருக்க முடியாது என்பது மட்டுமே உறுதி.

நெடுங்கேணி எழுதியது:

இவ்வளவு நுணுக்கம் தேவையா என்று எனக்குத் தோன்றுகிறது. ரி-56 என்பது அரச படையின் ஆயுதம், செய்தித்தாளிலும் அப்படித்தான் எழுதுகிறார்கள். எங்கள் பக்கத்து மக்கள் யார் சுட்டார்கள் என்பதைக் கண்ணால் கண்டவர்கள். கோதின் விளிம்பையும் கோடுகளையும் ஆராய்ந்துகொண்டிருந்தால், கண்டவர்களின் சாட்சியத்தை நாமே ஐயத்துக்குள்ளாக்கியவர்கள் ஆவோம். அம்பகாமத்தார் எழுதிய வசனத்தை அப்படியே விடலாம் என்பதே என் கருத்து.

துணுக்காய் ஓய்வுநிலை ஆசிரியர் எழுதியது:

நெடுங்கேணித் தம்பியின் வேதனை எனக்குப் புரிகிறது, அதை நான் மதிக்கிறேன். ஆனால் ரி-56 அரச படையிடம் மட்டுமே இருந்தது என்பதை ஏற்க முடியாது. விடுதலைப் புலிகள் வெளிநாடுகளில் வாங்கிக் கடல் வழியாகக் கொண்டுவந்த துப்பாக்கிகளிலும் அதே வகை இருந்தது. முகாம்களில் கைப்பற்றியவையும் அதே வகைதான். வன்னிப் பெருநிலப்பரப்பில் மட்டும் எண்ணிப் பாருங்கள். 1990 ஜூலையில் கொக்காவில் முகாமும் நவம்பரில் மாங்குளம் முகாமும் வீழ்ந்தன. 1993 நவம்பரில் பூநகரி முகாம் தாக்கப்பட்டது. 1996 ஜூலையில் முல்லைத்தீவு முகாம் முழுமையாக வீழ்ந்து, ஆயிரத்துக்கும் மேற்பட்ட படையினர் அங்கே கொல்லப்பட்டனர். 2000 ஏப்ரலில் ஆனையிறவு. ஒவ்வொன்றிலும் துப்பாக்கிகளும் ரவைப் பெட்டிகளும் கைமாறின. மறுபக்கத்தில், படையினர் கைப்பற்றிய ஆயுதங்களும் அரச களஞ்சியங்களுக்குச் சென்றன. எதிரெதிரே இருந்த காவலரண்களில் ஒரே துவக்கு, ஒரே ரவை.

அம்பகாமத்தாரின் ஊரையே எடுத்துக்கொள்வோம். மாங்குளம் 1990இல் புலிகளிடம் போனது, ஜயசிக்குறு என்ற இராணுவ நடவடிக்கையின் இறுதியில் 1998 செப்டெம்பரில் படையினரிடம் வந்தது, 1999 நவம்பரில் மீண்டும் புலிகளிடம் போனது, 2008 நவம்பரில் மீண்டும் படையினரிடம் வந்தது. இத்தனை முறை கைமாறிய நிலத்தில் ஒரு வளவில் கிடக்கும் ரி-56 கோது, அங்கே சூடு நடந்தது என்பதைச் சொல்லும். யார் சுட்டார் என்பதை அது தனியாகச் சொல்லாது.

வட்டக்கச்சி எழுதியது:

நான் ஒரு பெண், இந்த ஆயுதங்களின் பெயர்கள் பலவற்றை இந்த இழையில்தான் முதன்முறை வாசிக்கிறேன். ஆனால் சத்தத்தை வைத்து எங்கள் அம்மா வகை பிரித்துச் சொல்லுவார். ஒரு வெடி, சற்று இடைவெளி, பிறகு இன்னொரு வெடி என்றால் பழைய பொலிஸ் துவக்கு என்பார். தொடர்ந்து சடசடத்தால் ஏகே என்பார். பங்கருக்குள் இருந்தபோது, வெடி எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதை வைத்தே எந்தப் பக்க வாசலால் வெளியேறுவது என்று முடிவெடுத்தோம். இந்தச் சத்த நினைவுகளையும் ஊர் வரலாற்றில் சேர்க்கலாமா? அவற்றுக்கு மதிப்பு உண்டா?

குமுழமுனை எழுதியது:

அக்கா, கட்டாயம் சேர்க்கவேண்டும். உங்கள் அம்மா சொன்ன இடைவெளிக்குக் காரணம் உண்டு: .303 துப்பாக்கியில் ஒவ்வொரு வெடிக்கும் பூட்டை உயர்த்தி இழுத்துத் தள்ள வேண்டும். ரி-56 தானியங்கியில் வைத்தால் நிமிடத்துக்கு அறுநூறு ரவை என்ற வேகத்தில் இயங்கும், அதாவது முப்பது ரவை மகசின் மூன்று செக்கனில் காலியாகும். ஆகவே சுடும் முறை பற்றிய நினைவை நம்பலாம். ஆனால் ஜி-3, எஸ்.எல்.ஆர்., ரி-56 மூன்றையும் ஒவ்வொன்றாகவும் சுடலாம் என்பதால் இடைவெளி இருந்தாலே .303 என்று கொள்ள முடியாது.

திசை பற்றிய நினைவில் மேலும் கவனம் வேண்டும். ரி-56 சன்னம், அதாவது ரவையிலிருந்து பாய்ந்து செல்லும் முனை, குழலை விட்டு ஏறக்குறைய செக்கனுக்கு எழுநூறு மீற்றர் வேகத்தில் புறப்படுகிறது. ஒலியின் வேகம் அதில் பாதியளவே. எனவே சன்னம் நம்மைத் தாண்டும்போது காற்றைக் கிழிக்கும் சுளீரென்ற ஒலி முதலில் கேட்கும், துப்பாக்கியின் வெடியோசை "டும்" என்று பின்னால் வரும். முந்நூறு மீற்றரில் இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய செக்கனில் மூன்றில் ஒரு பங்கு வித்தியாசம் இருக்கும். முதல் ஒலி சன்னம் சென்ற பாதையின் ஒரு புள்ளியிலிருந்து பிறக்கிறது, துவக்கு இருந்த இடத்திலிருந்து அன்று. அதைக் கேட்டவர் வேறொரு திசையைக் காட்டிவிட இடமுண்டு. காடும் குளக்கட்டும் எதிரொலித்தால் இன்னும் குழப்பம். ஆகையால் அம்மாவிடம் கேட்கும்போது "எந்தப் பக்கமிருந்து சுட்டார்கள்?" என்று கேட்காமல், "என்ன கேட்டது, ஒன்றா இரண்டா, முன்னே எது, பின்னே எது?" என்று கேட்டு எழுதுங்கள். இரண்டாவது ஓசையை அவர் நினைவுகூர்ந்தால் அந்தத் திசைக்கே எடை அதிகம்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். ரி-56 குறிவைத்துச் சுடுவதற்கு நானூறு மீற்றர் வரைதான் ஏற்றது என்பார்கள், ஆனால் சன்னம் இரண்டு கிலோமீற்றருக்கு அப்பாலும் போய் விழும். 2009இல் மாத்தளன், பொக்கணைப் பக்கத்து ஒடுங்கிய கரையில் தறப்பாளுக்குக் கீழே இருந்த மக்களுக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை. ஒருவர் காயப்பட்ட இடத்துக்கு அருகே சுட்டவர் நின்றிருக்க வேண்டும் என்று எண்ணி எழுதக்கூடாது.

வவுனியா வழக்கறிஞர் எழுதியது:

சட்டம் சார்ந்த சிலவற்றைச் சேர்க்கிறேன். முதலாவது, கோதுகளைச் சேகரித்து வாசிகசாலையில் வைக்கும் எண்ணம் யாருக்காவது இருந்தால் தயவுசெய்து கைவிடுங்கள். 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டமும் அதன் திருத்தங்களும் தானியங்கித் துப்பாக்கிகளை வைத்திருப்பதை மிகக் கடுமையாக நோக்குகின்றன. வெற்றுக் கோது துப்பாக்கி ஆகாது, ஆனால் சுடப்படாத ரவையோ துப்பாக்கியின் பாகமோ அதனிடையே கலந்திருந்தால் உங்கள் நல்ல நோக்கத்தை நீதிமன்றத்தில் விளக்க வேண்டிய நிலை வரும். வன்னியில் அந்தச் சுமை எவ்வளவு பெரியது என்பது உங்களுக்குத் தெரியும்.

இரண்டாவது, நீதிமன்றத்தில் ஒரு கோது எப்படிச் சான்றாகிறது என்பதைப் பாருங்கள். ஊசி அடித்த குழியையும், கோதை வெளியே தள்ளும் பாகம் விட்ட கீறலையும் நுணுக்குக்காட்டியில் ஒப்பிட்டு, இந்தக் கோது இந்தத் துப்பாக்கியால் சுடப்பட்டது என்று அரச பகுப்பாய்வாளர் கூற முடியும். அதற்குச் சந்தேகத்துக்குரிய துப்பாக்கி கையில் இருக்கவேண்டும், அல்லது இன்னொரு சம்பவத்தில் எடுத்த கோது இருக்கவேண்டும். அதன் பிறகும், அந்தத் துப்பாக்கி அந்த நாளில் யாரிடம் வழங்கப்பட்டிருந்தது என்பதைப் படைப்பிரிவின் ஆயுதப் பதிவேடே காட்டவேண்டும். ஒவ்வொரு ரி-56 துப்பாக்கியின் உடலிலும் தொடரிலக்கம் பொறிக்கப்பட்டிருப்பது அதற்காகத்தான். எனவே பாதிக்கப்பட்டவர்கள் கேட்கவேண்டியது கோதைவிட அந்தப் பதிவேட்டையே என்று நான் உறுதியாகக் கருதுகிறேன்.

மூன்றாவது, கிடந்த இடம். கொக்குத்தொடுவாயில் 2023 ஜூனில் நீர்க்குழாய்க்காகத் தோண்டியபோது மனித எச்சங்கள் வெளிவந்ததையும், பின்னர் நீதிமன்ற மேற்பார்வையில் அகழ்வு நடந்ததையும் நீங்கள் அறிவீர்கள். அத்தகைய இடத்தில் ஒரு சன்னம் எலும்போடு இருந்ததா, மேல்மண்ணில் இருந்ததா என்பதே முழு வழக்கையும் மாற்றும். ஆர்வத்தினால் ஒருவர் அதை எடுத்துத் துடைத்துப் பார்த்துவிட்டால் அந்தச் சான்று அன்றோடு அழிந்தது.

அம்பகாமத்தான் எழுதியது:

ஐயாவுக்கும் அனைவருக்கும் நன்றி. இன்னொரு கேள்வி: 1987 முதல் 1990 வரை இந்தியப் படை இருந்த காலத்தை எப்படிப் பிரிப்பது? எங்கள் ஊரில் பித்தளைக் கோது கண்டவர்கள் அதை இந்தியப் படையின் கோது என்றே சொல்கிறார்கள்.

தண்ணீரூற்று எழுதியது:

அந்தக் காலத்தை முல்லைத்தீவில் கழித்தவன் என்பதால் பதில் எழுதுகிறேன். இந்திய அமைதிப் படையின் காலாட்படையினர் தங்கள் நாட்டிலேயே செய்த எஸ்.எல்.ஆர். துப்பாக்கியையும் 9 மில்லிமீற்றர் ஸ்டேர்லிங் வகைக் காபைனையும் எஸ்.எல்.ஆர். சுடும் அதே 7.62 ரவைக்கு மாற்றிய பிரென் துப்பாக்கியையும் வைத்திருந்தார்கள். நித்திகைக்குளக் காட்டில் 1988இல் நடந்த மோதல்களில், நீண்டு கனத்த எஸ்.எல்.ஆர். துப்பாக்கி அடர்ந்த பற்றைக்குள் எதிரியின் தானியங்கித் துவக்குக்கு ஈடுகொடுக்கச் சிரமப்பட்டது. பின்னர் இந்தியா 5.56 மில்லிமீற்றர் ஐ.என்.எஸ்.ஏ.எஸ். துப்பாக்கிக்கு மாறியதற்குப் பின்னால் அந்த அனுபவமும் இருந்தது.

பித்தளைக் கோதின் அடித்தட்டில் ஓ.எஃப்.வி. என்றோ கே.எஃப். என்றோ எழுத்து இருந்தால் அது வரங்காவிலும் கிர்க்கியிலும் உள்ள இந்தியத் தொழிற்சாலைகளில் செய்யப்பட்ட ரவை. அது இந்தியப் படைக் காலத்தைச் சுட்டும் வலுவான அறிகுறி. ஆயினும் இலங்கை இராணுவத்திடமும் எஸ்.எல்.ஆர்., ஜி-3, அதே ரவையைச் சுடும் எஃப்.என். மாக் இயந்திரத் துப்பாக்கி என்பவை இருந்தன. எழுத்தைப் பார்க்காமல் பித்தளை என்பதை மட்டும் வைத்து இந்தியப் படை என்று எழுதக்கூடாது.

நெடுங்கேணி எழுதியது:

எல்லாவற்றையும் வாசித்தேன். ரி-56 இரு தரப்பிடமும் இருந்தது என்பதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் என் கருத்தின் மற்றப் பாதியை நான் விடவில்லை. வாசலில் சீருடையோடு நின்றவரைக் கண்ட தாயின் சொல்லுக்கு மேலே, துருப்பிடித்த ஒரு கோதை யாரும் வைக்கக்கூடாது. கோது இரு தரப்புக்கும் பொதுவானது என்பதால் அவர் சொன்னதும் ஐயத்துக்குரியது என்று நாளை ஒருவர் வாதிடுவார். அதற்கு உங்கள் நூல் இடங்கொடுத்துவிடக் கூடாது.

வவுனியா வழக்கறிஞர் எழுதியது:

நெடுங்கேணியார் சொல்வது மிகச் சரியானது, நானும் அதையே வலியுறுத்துவேன். அந்த வசனத்தில் உள்ள "ஆகவே" இருப்பதால்தான் தாயின் சாட்சியம் கோதில் தொங்கிக்கொண்டு நிற்கிறது. கோதைப் பற்றிய வாதம் தோற்றால் சாட்சியமும் சேர்ந்து விழும். இரண்டையும் பிரித்து வைத்தால், கோது பொதுவானது என்று எவர் நிரூபித்தாலும் அவர் கண்டது கண்டதுதான். எனவே கண்டவர் சொன்னதை முதலில், அவர் நின்ற இடம், தூரம், வெளிச்சம், சீருடை, பேசிய மொழி ஆகியவற்றோடு எழுதுங்கள். கோதைத் தனி வசனமாக, முடிவு எதுவும் கூறாமல் எழுதுங்கள்.

அம்பகாமத்தான் எழுதியது:

அப்படியே செய்கிறோம். வசனத்தை இவ்வாறு மாற்ற எண்ணியுள்ளோம்: "வேலிக்கு வெளியே, வீட்டு வாசலிலிருந்து கிணறு இருக்கும் தூரத்தில், பச்சைச் சீருடை அணிந்த மூவரைக் கண்டதாகவும் அவர்கள் சிங்களத்தில் பேசியதாகவும் அவர் கூறுகிறார். மறுநாள் அதே இடத்தில் துருப்பிடிக்கும் வகையைச் சேர்ந்த நீளம் குறைந்த கோதுகள் கிடந்தன. அவை ரி-56 வகையைச் சேர்ந்தவை, அவ்வகைத் துப்பாக்கி அக்காலத்தில் இரு தரப்பினரிடமும் இருந்தது." நெடுங்கேணியாருக்கு இது ஏற்புடையதா?

நெடுங்கேணி எழுதியது:

ஏற்புடையது. அவர் சொன்னதை அவருடைய சொற்களிலேயே, மேற்கோளாக எழுதுங்கள். "கூறுகிறார்" என்று நாம் சுருக்கவேண்டாம்.

குமுழமுனை எழுதியது:

கடைசியாக ஒன்று. வளவைத் துப்புரவு செய்யும்போது முனையில் சன்னம் உள்ள ரவையோ, அதைவிடப் பெரிய எதுவோ தென்பட்டால் தொடாதீர்கள். கம்பியாலும் மண்வெட்டியாலும் புரட்டவும் வேண்டாம். இடத்தைக் குறித்துவைத்து, வந்த தடத்திலேயே திரும்பிச் சென்று, கிராம அலுவலரிடமோ அப்பகுதியில் வேலை செய்யும் கண்ணிவெடி அகற்றும் குழுவிடமோ அறிவியுங்கள். படம் எடுக்க விரும்பினால் நின்ற இடத்திலிருந்தே எடுங்கள், பக்கத்தில் அளவுகோல் வைக்கப் போகவேண்டாம். கோதின் நீளத்தை எங்கள் ஆட்கள் அளந்து தருவார்கள்.